பானெட்டைத் திறக்கும் உரிமை

1925 ஏப்ரலில் ஃபோர்டு கம்பெனி 281 டாலருக்கு ஒரு வண்டியை விற்பனைக்கு விட்டது. முன்பக்கம் வழக்கமான மாடல் டி கார். பின்பக்கம் இரும்புத் தகட்டில் ஒரு பெட்டி, இறக்கி ஏற்ற வசதியாக ஒரு கதவு. தொழிற்சாலையிலிருந்தே முழுதாக வெளிவந்த ஃபோர்டின் முதல் பிக்கப் அதுதான். ஆனால் அமெரிக்க விவசாயிகளுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அவர்கள் பல வருஷமாகவே காரின் பின்பகுதியைக் கழற்றிவிட்டு, பலகை அடித்து, மூட்டை ஏற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். கம்பெனி அவர்கள் பின்னால் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

இன்று அமெரிக்காவில் ஒரு பழைய பிக்கப்பை வாங்கி, ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டு, தன் கையாலேயே ஓடவைப்பது பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. பழசின் மேல் ஏக்கம் என்று சொல்லிக் கடந்துபோய்விடலாம். ஆனால் அந்த வண்டிகளுக்குள் ஒரு பழைய வழக்கும் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய இயந்திரத்தைத் திறந்து பார்க்கும் அறிவு யாரிடம் இருக்க வேண்டும் என்கிற வழக்கு. நூறு வருஷத்துக்கு மேலாகியும் தீர்ப்பு வரவில்லை.

டிரைவருக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியாது

1900களின் தொடக்கத்தில் கார் பணக்காரர்களின் பொருள். குதிரைவண்டிக்காரனை வைத்திருந்த மாதிரியே அவர்கள் காருக்கும் ஒரு ஆளை வைத்துக்கொண்டார்கள். ஆனால் இந்த ஆள் பழைய வண்டிக்காரனைப் போலப் பணிந்து நிற்கவில்லை. என்ஜின் ஏன் நின்றது என்று அவனுக்குத்தான் தெரியும். முதலாளிக்குத் தெரியாது. வரலாற்றாய்வாளர் கெவின் போர்க் ‘ஆட்டோ மெக்கானிக்ஸ்’ (2007) என்ற நூலில் இந்தக் காலத்தை விரிவாக எழுதியிருக்கிறார். டிரைவர்கள் பழுதுபார்ப்புக்கும் உதிரிபாகத்துக்கும் கராஜ்களிடம் கமிஷன் வாங்கினார்கள், முதலாளி இல்லாத நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றினார்கள். பத்திரிகைகள் இதை ‘டிரைவர் பிரச்சினை’ என்றே எழுதின. உண்மையில் அது அறிவு இடம் மாறியதால் வந்த பிரச்சினை. பணம் ஒரு பக்கம், தெரிந்துவைத்திருப்பது இன்னொரு பக்கம் என்று ஆகிவிட்டது.

1908இல் வந்த மாடல் டி இதைப் புரட்டிப் போட்டது. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்ட அந்தக் காரை வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு டிரைவர் வைக்க வசதி கிடையாது. பக்கத்தில் கராஜும் கிடையாது. அதனால் ஃபோர்டு கொடுத்த கையேடு கேள்வி-பதிலாக எழுதப்பட்டிருந்தது, கிட்டத்தட்ட நம்ம ஊர் பரீட்சை நோட்ஸ் மாதிரி. வால்வை எப்படித் தேய்த்து உட்கார வைப்பது, தேய்ந்த பேரிங்கை எப்படி இறுக்குவது என்பதெல்லாம் அதில் இருந்தது. வாங்கியவன் என்ஜினைத் திறப்பான் என்பது அந்தக் கம்பெனியின் அனுமானம்.

திறந்தவர்கள் அதோடு நிற்கவில்லை. காரின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தில் பெல்ட் மாட்டி, மரம் அறுத்தார்கள், தீவனம் அரைத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள், துணி துவைக்கும் இயந்திரத்தைக்கூட ஓட்டினார்கள். ரொனால்ட் கிளைன், டிரெவர் பின்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை தொழில்நுட்ப வரலாற்றில் இன்றும் அதிகம் பேசப்படுவது. கார் என்றால் என்ன என்று கம்பெனி மட்டும் முடிவுசெய்யவில்லை, கிராமத்து ஆட்களும் சேர்ந்தே முடிவுசெய்தார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் ஒரு கசப்பான பின்பகுதியும் உண்டு. பிக்கப்பும் டிராக்டரும் ரெடிமேடாகக் கிடைக்க ஆரம்பித்ததும் இந்தக் கைவேலை மெல்ல ஓய்ந்துபோனது. விவசாயியின் யோசனையைப் பொருளாக்கி விற்றபோது, அந்த யோசனைக்கான தேவையும் தீர்ந்துவிட்டது.

பள்ளிக்கூடம், போர், காமிக்ஸ்

அமெரிக்கர்களுக்கு மெக்கானிக் வேலை ரத்தத்திலேயே ஊறியது என்று ஒரு கதை உண்டு. அப்படியெல்லாம் இல்லை. அரசு காசு செலவழித்துச் சொல்லிக்கொடுத்தது. 1917இல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம் பள்ளிகளில் விவசாயம், கைத்தொழில், மனையியல் ஆகியவற்றுக்கு மத்திய அரசின் நிதியைத் திறந்துவிட்டது. நடைமுறையில் பையன்களுக்குப் பட்டறை, பெண்களுக்கு அடுப்பங்கரை. அந்த அறிவு எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிறகு போர். 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றது. இருக்கிற வண்டியை எப்படியாவது ஓட்டியாக வேண்டும். இன்னொரு பக்கம், ஸ்டீயரிங்கையே தொட்டிராத இளைஞர்களிடம் ராணுவம் லாரிகளைக் கொடுத்தது. ஆயில் மாற்று, போல்ட்டை இறுக்கு என்று அவர்களுக்குச் சொல்ல ராணுவம் பிடித்த ஆள் யார் தெரியுமா? வில் ஐஸ்னர். 1978இல் ‘எ கான்ட்ராக்ட் வித் காட்’ எழுதி கிராஃபிக் நாவலுக்கு முகவரி கொடுத்த அதே ஐஸ்னர். ‘ஆர்மி மோட்டார்ஸ்’ பத்திரிகையில் ஜோ டோப் என்ற ஒரு மக்குச் சிப்பாயை வரைந்தார். வண்டியை எப்படியெல்லாம் பராமரிக்கக் கூடாது என்று அவனைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். 1951இல் தொடங்கிய ‘பி.எஸ்.’ பராமரிப்பு இதழுக்கும் 1971 வரை அவர்தான் ஓவியப் பொறுப்பு. ஸ்பேனர் பிடிப்பதற்கும் ஒரு இலக்கியம் இருந்திருக்கிறது, பாருங்கள்.

மூன்று கேள்விகள்

இப்படிப் பள்ளியிலும் படையிலும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பிய தலைமுறைக்காக 1947இல் வந்தது செவ்ரலேயின் ‘அட்வான்ஸ் டிசைன்’ பிக்கப் வரிசை. இன்று புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் விரும்பித் தேடும் வண்டிகளில் ஒன்று. நான் கற்றுக்கொண்டதும் மிச்சிகனில் ஒரு நண்பருடைய அப்பாவின் 1950 மாடல் 3100இல்தான். பானெட்டைத் திறந்தால் ஆறு சிலிண்டர் வரிசையாக நிற்கும். இரண்டு பக்கமும் அவ்வளவு இடம். 216 கன அங்குலம், ஏறக்குறைய மூன்றரை லிட்டர், 92 குதிரைசக்தி. அடுப்பில் மாட்டும் போல்ட்டைப் போன்ற போல்ட்டுகள் இருந்ததால் இந்த என்ஜின் குடும்பத்துக்கே ‘ஸ்டவ்போல்ட்’ என்று பட்டப்பெயர்.

பெரியவர் முதலில் சொன்னது மூன்று கேள்விகள். பெட்ரோல் வருகிறதா? தீப்பொறி வருகிறதா? சிலிண்டர் காற்றை அமுக்குகிறதா? மூன்றும் இருந்து, சரியான நேரத்தில் நடந்தால் என்ஜின் ஓடியே ஆக வேண்டும். ஓடவில்லை என்றால் மூன்றில் ஒன்று பொய். கோடில் பிழை தேடும்போது நாங்கள் செய்வதும் இதையேதான். ஆனால் இங்கே ஒவ்வொரு கேள்விக்கும் கண்ணால் பதில் பார்க்கலாம்.

தீப்பொறியை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் பாயிண்ட் என்கிற சின்ன சுவிட்ச். அது திறக்கும் ஒவ்வொரு முறையும் காயிலில் ஓடும் 6 வோல்ட் மின்சாரம் அறுபட்டு, காந்தப்புலம் சரிந்து, ஆயிரக்கணக்கான வோல்ட் பிளக்குக்குப் பாய்கிறது. வரிசை 1-5-3-6-2-4. பாயிண்ட் இடைவெளி ஏறக்குறைய 0.018 அங்குலம், அரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. ஃபீலர் கேஜைச் செருகி, லேசாகப் பிடித்து இழுக்கிற அந்த உணர்வை விரல் கற்றுக்கொள்ள வேண்டும். டைமிங் பார்க்க, ஃபிளைவீலில் ஒரு சின்ன எஃகுக் குண்டைப் பதித்துவைத்திருப்பார்கள். பக்கத்திலுள்ள ஓட்டை வழியாக அது தெரியும்.

கனெக்டிங் ராடின் அடியில் கரண்டி மாதிரி ஒரு துண்டு, சுற்றும்போதே ஆயிலை மொண்டு பேரிங்குக்குக் கொடுக்கும். பேரிங் தேய்ந்து சத்தம் வந்தால், ஆயில் பேனை இறக்கி, இடையில் வைத்திருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளில் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி முடுக்கலாம். யோசித்துப் பாருங்கள். இது தேயும், தேய்ந்தால் நீ வருவாய், உனக்காக நான்கு தகடு வைத்திருக்கிறேன் என்று முகம் தெரியாத ஒரு என்ஜினியர் சொல்லிவைத்துப் போயிருக்கிறார். இவ்வளவு மரியாதையான டிசைனை நான் அதிகம் பார்த்ததில்லை.

மூடியது யார்?

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் இல்லை. அந்த வண்டியில் பிரேக்குக்கு ஒரே ஆயில் பாதை. ஒரு குழாயில் ஓட்டை விழுந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போச்சு. சீட் பெல்ட் இல்லை. ஊற்றிய பெட்ரோலில் ஈயம். 1970இன் தூய காற்றுச் சட்டமும், 1975 மாடல்களில் பரவலாக வந்த கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும், 1980களில் வந்த கம்ப்யூட்டர் கட்டுப்பாடும் நியாயமான காரணங்களுக்காக வந்தவை. என்ஜின் சிக்கலானதற்கு ஈடாக நமக்குச் சுவாசிக்கக் காற்று கிடைத்தது.

ஆனால் சிக்கலாக இருப்பது வேறு, பூட்டிவைப்பது வேறு. 1996 முதல் அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான கண்டறியும் போர்ட் கட்டாயமானது. சிக்கலான எஞ்சினையும் திறந்துவைக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. பூட்டு வேறொரு வழியாக வந்தது, காப்புரிமைச் சட்டம் வழியாக. 1998இல் வந்த டிஜிட்டல் காப்புரிமைச் சட்டம் மென்பொருளின் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியது. டிராக்டரை வாங்கியவருக்கு அதை வாழ்நாள் முழுக்க இயக்கும் உரிமம்தான் கிடைக்கிறது என்ற பொருளில் ஜான் டீர் 2015இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்திடம் வாதிட்டது. அதே வருஷம், பழுதுபார்ப்பதற்காக வண்டியின் மென்பொருளைத் திறக்கலாம் என்று விலக்கு அளிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2012இல், மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் பழுதுபார்க்கும் உரிமைக்குப் பெருவாரியாக ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

காரின் பின்பகுதியைக் கழற்றிப் பலகை அடித்தவர்களின் பேரப்பிள்ளைகள், சொந்த டிராக்டரைத் திறக்க அனுமதி கேட்டு நிற்கிறார்கள். இந்தமுறை அறிவைக் கையில் வைத்திருப்பது கமிஷன் வாங்கிய பழைய டிரைவர் இல்லை. என்னைப் போன்ற, கோடு எழுதுகிற ஆட்கள்.

அதனால்தான் பழைய பிக்கப்பில் பாயிண்ட் இடைவெளி வைக்கக் கற்றுக்கொள்வது எனக்கு வெறும் வார இறுதி வேலையாகத் தெரியவில்லை. கார்புரேட்டர் திரும்பி வரப்போவதில்லை, வரவும் வேண்டாம். ஆனால் தேய்ந்தால் ஒருவன் வருவான் என்று நினைத்து நான்கு ஷிம் தகடு வைத்துவிட்டுப் போகிற பழக்கம் திரும்பி வரலாம். அதை மென்பொருளிலும் வைக்கலாம், அதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை. வாங்கியவனை நம்பினால் போதும்.