ஆள் பிடிக்கிறவனும் கருத்துத் திருடனும்

'பிளேஜியரிசம்' என்ற சொல் இன்றைய மாணவர்களுக்கு ஒரு சதவீதக் கணக்கு. யூஜிசியின் 2018 விதிப்படி ஆய்வேட்டில் ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் அந்தச் சொல் அடிமை முறைக்குள் பிறந்தது.

இலத்தீனில் 'பிளேஜியாரியஸ்' என்றால் ஆள் கடத்துகிறவன். சுதந்திர மனிதரைப் பிடித்து அடிமையாக்குபவனுக்கும், பிறர் அடிமையைத் திருடுபவனுக்கும் அதுதான் பெயர். அவர்களைத் தண்டிக்க ரோமில் ஃபாபியச் சட்டம் இருந்தது. முதலாம் நூற்றாண்டுக் கவிஞர் மார்சியல், தம் கவிதைகளைத் தனதென்று சொல்லிக்கொண்ட ஒருவனை இந்தச் சொல்லால் ஏசினார். தம் கவிதைகள் தாம் விடுதலை செய்த அடிமைகள், இவன் அவற்றைப் பிடித்துப் போகிறான் என்றார். (இங்கேயும் பேசுவது ஆண்டைதான், கவனியுங்கள்.) 17ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்தில் எழுத்துத் திருட்டைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

ஆள் பிடிப்பது நம் கரைக்குப் புதிதல்ல. போலகத்துக்குத் தெற்கே இருக்கும் நாகப்பட்டினம் 1658-இல் டச்சுக்காரர் கைக்குப் போனது. அடுத்து வந்த தஞ்சைப் பஞ்சத்தில் ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் காரைக்காலிலிருந்து ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் ஒப்பந்தக் கூலிகள் போனார்கள்.

தமிழில் 'கருத்துத் திருட்டு' பிந்தி வந்த சொல். நம் இலக்கணத்தில் வழிநூல் எழுதுவது குற்றமே அல்ல. ஆனால் சிறப்புப் பாயிரத்தில் சொல்ல வேண்டியவை என்று நன்னூல் அடுக்கும்போது, ஆக்கியோன் பெயருக்கு அடுத்தே 'வழி'யையும் வைக்கிறது. எங்கிருந்து எடுத்தாய் என்று சொல்லியாக வேண்டும். எடுத்ததைவிட மறைத்ததுதான் குற்றம் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

மறைக்கப்படுவது யார் பெயர்? தம் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் துரையிடம் வேலை பார்த்தபோது கொடுத்த ஓலைச்சுவடி வழியாகத்தான் திருக்குறள் எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்தது என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதினார். அச்சான குறளின் கதையில் எல்லிஸ் பெயர் எல்லோருக்கும் தெரியும். கந்தப்பன் பெயரைப் பேரனே எழுத வேண்டியிருந்தது. 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அந்தப் பேரனின் எழுத்துகளும் 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த பிறகே பரவலாக வாசிக்கப்பட்டன.

எங்கள் தெருப் பாட்டி ஒருவரின் ஒப்பாரியை ஒருவர் மூன்று நாள் உட்கார்ந்து பதிவுசெய்துகொண்டு போனார். புத்தகம் வந்தது. அட்டையில் அவர் பெயர். பின்பக்கத்தில் 'தகவலாளி 4, பெண், வயது 70'. எந்த மென்பொருளும் இதைப் பிடிக்காது, பாட்டி எதையும் அச்சிட்டதில்லையே.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 38பி பிரிவு, பாடுகிறவர், நிகழ்த்துகிறவர் தன் நிகழ்த்துதலில் தன்னை அடையாளப்படுத்தக் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஒலிப்பதிவுக் கருவியோடு எங்கள் தெருவுக்கு வரும் மாணவர்களிடம் இப்போது நாங்கள் முதலில் கேட்பது, பாட்டியின் பெயரை எந்தப் பக்கத்தில் போடுவீர்கள் என்பதைத்தான்.