மணமுறிவுக்குப் பின் குழந்தைகளின் சினம்

பெற்றோரின் மணமுறிவுக்குப் பின்னர் குழந்தைகளிடம் அடிக்கடி எழும் கடுஞ்சினம், அக்குழந்தைகள் எதிர்கொள்ளும் உணர்வுச் சிக்கல்களுள் ஒன்றாகும். பிரிந்த பின்னரும் தாய், தந்தை இருவரும் வளர்ப்புப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது இணைப் பெற்றோரியம் எனப்படும். பெற்றோரிடையே பூசல் தணிவது குழந்தையின் சினம் தணியப் பெரிதும் உதவுகிறது.

காரணங்கள்

பல குழந்தைகளுக்குச் சினம் என்பது அச்சத்தின் வெளிப்பாடே ஆகும். வீடும் பள்ளியும் மாறுதல், ஒரு பெற்றோரை இழந்துவிடுவோமோ என்ற கவலை, பிரிவுக்குத் தானே காரணம் என்ற குற்றவுணர்வு ஆகியவை இதற்கு அடிப்படையாகலாம். ஒருவரிடம் அன்பு காட்டினால் மற்றவர் வருந்துவார் என்ற இருதலைக்கொள்ளி நிலையும் குழந்தையை அலைக்கழிக்கும். சிறு குழந்தைகள் அடம்பிடித்தும் அடித்தும், பதின்ம வயதினர் எதிர்த்துப் பேசியும் பேசாதிருந்தும் இதனை வெளிப்படுத்துவர். ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குச் செல்லும் நாட்களில் இது மிகுவதுண்டு.

ஆய்வுகள்

அமெரிக்க உளவியலாளர் யூடித் வாலர்ஸ்டைன் 1971இல் கலிபோர்னியாவில் 60 குடும்பங்களின் 131 குழந்தைகளை ஆராயத் தொடங்கினார். மேவிஸ் ஹெதரிங்டன் 2002இல் வெளியான தம் நூலில், மணமுறிவு பெற்ற குடும்பங்களின் குழந்தைகளுள் ஏறத்தாழ 25 விழுக்காட்டினருக்கும், ஏனைய குடும்பங்களில் 10 விழுக்காட்டினருக்கும் கடும் சிக்கல்கள் இருந்ததாகக் குறிப்பிட்டார். அதாவது, பெரும்பான்மைக் குழந்தைகள் காலப்போக்கில் மீண்டுவிடுகின்றனர்.

பெற்றோர் செய்யத்தக்கவை

* உறங்கும் நேரம், வீட்டுப்பாடம், அடித்தலுக்கான தடை போன்ற சில விதிகளை இரு வீடுகளிலும் ஒன்றாக வைத்தல்.
* சினம் உச்சத்தில் இருக்கும்போது வாதிடாமல் பாதுகாப்பை மட்டும் உறுதிசெய்து, தணிந்த பின் பேசுதல்.
* "சினம் கொள்ளலாம், அடிக்கக்கூடாது" என உணர்வையும் செயலையும் பிரித்துக் காட்டுதல்.
* குழந்தையைத் தூதாகவோ ஒற்றராகவோ பயன்படுத்தாதிருத்தல்.
* மற்றவரைக் குழந்தையின் முன் பழிக்காதிருத்தல். தாத்தா, பாட்டி, தாய்மாமன், அத்தை முதலிய உறவினரையும் இதற்கு இணங்கச் செய்தல்.

இந்தியச் சட்டம்

1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் குழந்தையின் நலனையே தலையாய கருத்தாகக் கொள்கிறது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், ஆலோசகர்களின் உதவிக்கு வழிசெய்கிறது. இந்தியச் சட்ட ஆணையம் 2015இல் தன் 257ஆம் அறிக்கையில் கூட்டுக் காவல் முறையைப் பரிந்துரைத்தது. ஒரு பெற்றோருக்கு எதிராகக் குழந்தையின் மனத்தைத் திருப்புவதன் தீங்கினை உச்ச நீதிமன்றம் 2017இல் ஒரு தீர்ப்பில் சுட்டிக்காட்டியது. கிருஷ்ணன்கோவில், இராசபாளையம் ஆகிய ஊர்கள் அடங்கிய விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் உள்ளது.

உதவி பெறுதல்

குழந்தை தன்னையோ பிறரையோ காயப்படுத்தினாலும், படிப்பும் உறக்கமும் பல வாரங்கள் பாதிக்கப்பட்டாலும் மனநல மருத்துவரை நாடுதல் வேண்டும். 2022இல் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் (14416), குழந்தைகள் உதவி எண் (1098) ஆகிய கட்டணமில்லாத் தொலைபேசிச் சேவைகளையும் அணுகலாம்.