அச்சு

அச்சு (பெயர்ச்சொல்): வார்ப்பு, பதிவு, எழுத்துரு, நெசவுக் கருவி, வண்டி இருசு.

ஒரே ஒலியில் இங்கே இரு சொற்கள் நிற்கின்றன. இருசைக் குறிக்கும் அச்சு, 'அக்ஷம்' என்ற வடசொல்லின் திரிபு. திருக்குறளிலேயே இப்பொருளில் வருகிறது. வார்ப்பு, பதிவு ஆகியவற்றைக் குறிப்பது திராவிடச் சொல். கன்னடத்திலும் தெலுங்கிலும் அதற்கு உறவுண்டு.

காஞ்சிபுரத்தில் இரண்டும் புழங்குகின்றன. வரதராசப் பெருமாளின் தேர் உருள்வது இருசாகிய அச்சின்மேல். பட்டுத்தறியில் பாவு இழைகளை வரிசை பிசகாமல் பிரித்து, ஊடை இழையை நெருக்கி அடிக்கும் சீப்புப் போன்ற கருவியும் அச்சுதான்.

பதிவு என்ற பொருளில், ஓவியத்தில் அச்சுப்படம் என்பது நகல் அல்ல. கலைஞரே பலகை, தகடு, திரை ஆகியவற்றில் உருவாக்கிப் பதிக்கும் மூலம். ஓரத்தில் 7/25 என்றிருந்தால், 25 படிகளில் அது ஏழாவது. இது வரம்புப் பதிப்பு. பதிப்பு முடிந்ததும் தகட்டைக் கீறிச் செல்லாததாக்குவது மரபு. பாப் ஓவியர் ஆண்டி வார்ஹால் 1967இல் மர்லின் மன்றோவின் முகத்தைப் பத்துத் திரையச்சுப் படங்களாக, ஒவ்வொன்றிலும் 250 படிகள் வெளியிட்டுப் புகழ்ச் சந்தையையே பேசுபொருளாக்கினார். வங்க ஓவியர் சித்தப்பிரசாத் லினோலிய அச்சில் உழைக்கும் சிறாரின் வாழ்வைச் செதுக்கினார். காஞ்சித் தறிகளிலும் பிள்ளைகளின் கைகள் உழைத்த காலம் உண்டு. அந்த உண்மையையும் அச்சுப்படங்கள் பேச வேண்டும்.