கோட்டூர் ஏரும் சைதாப்பேட்டைப் பண்ணையும்

அடையாற்றின் தென்கரையில், அண்ணா நூற்றாண்டு நூலகமும் பிர்லா கோளரங்கமும் ஐ.ஐ.டி.யின் நெடுஞ்சுவரும் சூழ, மேல்தட்டு உத்தியோகஸ்தர்களும் மாணாக்கர்களும் பழைய குடிகளும் கலந்து வாழும் கோட்டூர்புரம், சென்னைப் பட்டணத்தின் எல்லைக்குள் வருவதற்கு முன்னே செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகாவைச் சேர்ந்த கோட்டூர் என்னும் கிராமமாக, நெல்லும் வைக்கோலும் காய்கறியுமே ஜீவனமாகக் கொண்டு பல தலைமுறைகள் கழித்த பிரதேசமாகும். இங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ஆற்றங்கரைச் சைதாப்பேட்டையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சர்க்கார் ஒரு விவசாயப் பண்ணையை நிறுவி, குடியானவனுக்கு உழவு கற்பிக்க முற்பட்டது. பட்டணத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் கோட்டைக்கும் கோயிலுக்கும் வர்த்தகத்துக்கும் ஒதுக்கிய பக்கங்களில் நூற்றில் ஒன்றைக்கூட இந்த வயல்களுக்கு ஒதுக்கவில்லை என்பது நெடுநாளாக என் மனக்குறை. குடும்பத்து உழவின் எழுதப்படாத கல்வியும் சர்க்காரின் எழுதப்பட்ட கல்வியும் எதிரெதிரே நின்ற இடம் இது. அவற்றுள் எது எதனிடம் பாடம் கேட்டது என்பது இந்தத் தேசத்து விவசாயத்தின் கதையில் ஒரு முக்கியமான அத்தியாயம் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களில் புலியூர்க் கோட்டம் என்று கல்வெட்டுகள் குறிக்கும் பகுதியில், மயிலாப்பூரையும் திருவான்மியூரையும் வேளச்சேரியையும் உள்ளடக்கிய இந்த நிலப்பரப்புக்கு, காவிரிப் பாசனத்தைப் போல வற்றாத கால்வாய் எதுவும் வாய்க்கவில்லை. அடையாறோ கடல் ஓதம் ஏறி இறங்கும் கழிமுகத்தை அடுத்து ஓடுவதால், அதன் கடைசிப் பகுதியில் உப்புக் கலந்த நீர் பயிருக்கு உதவாது. ஆண்டுக்கு ஏறக்குறைய 50 அங்குலம் பெய்யும் மழையில் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடும். அந்தச் சில வாரங்களின் நீரைத் தடுத்து நிறுத்திப் பன்னிரண்டு மாதத்துக்கும் பங்கிட்டுக் கொடுப்பதற்காகவே ஜில்லா முழுவதும் ஏரிகள் வெட்டப்பட்டன. ஓர் ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் அடுத்த ஏரிக்குப் போய்ச் சேரும்படி, சரிவைக் கண்ணாலேயே அளந்து சங்கிலியாக அமைத்த அந்தப் பெயரறியாத மனிதர்களை நினைக்கும்போதெல்லாம் என் மனம் வணங்குகிறது. பத்தாம் நூற்றாண்டிலேயே, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், இதே மண்டலத்து உத்திரமேரூரில் ஏரியைப் பராமரிப்பதற்கென்று ஏரி வாரியம் குடவோலை மூலம் தேர்ந்தெடுக்கப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. மதகைத் திறப்பது, வரப்புக்கு வரப்பு முறைவைத்து நீர் பாய்ச்சுவது, கோடையில் வண்டல் வாரிக் கரையை உயர்த்துவது ஆகிய யாவும் ஊரார் கூடிச் செய்த காரியங்களாதலால், குடும்பத்துப் பண்ணை என்று நாம் சொல்வது உண்மையில் ஊர்ப் பண்ணையின் ஓர் அங்கமாகவே இருந்தது.

வருஷம் மூன்று பருவங்களாகப் பிரிந்தது. சித்திரையில் தொடங்கி ஆடிக்குள் அறுவடையாகும் சொர்ணவாரி, ஏரியில் மிச்சமிருந்த நீரையும் கிணற்றையும் நம்பியது; ஆடி ஆவணியில் நாற்றங்கால் விட்டுத் தை மாதத்தில் களம் சேரும் சம்பா, பெருமழையையே நம்பிய பிரதான போகம்; மார்கழி, தையில் நட்டுப் பங்குனி சித்திரையில் அறுக்கும் நவரை, நிறைந்த ஏரி கொடுத்த உபரி. மழை எப்போது வருமென்று எவரும் உறுதி சொல்ல முடியாத இந்தச் சீமையில், ஆடி மாதச் சிறு தூறல்களில் உழுத புழுதியிலேயே விதையைத் தெளித்து, பயிர் முளைத்து வளர்ந்து களையும் எடுத்தபின், ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதும் அதே வயலுக்கு நீர் கட்டிச் சேற்றுப் பயிராக மாற்றிவிடும் புழுதிக்கால் முறை தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. மழை முந்தினாலும் பிந்தினாலும் பயிரின் ஒரு பகுதியேனும் பிழைக்கும்படி இதை வகுத்தவன் கல்லூரியில் பயின்றவனல்லன். ஆனால் நிச்சயமின்மையை எப்படி எதிர்கொள்வது என்பதற்கு இதைவிட நேர்த்தியான உபாயத்தை நான் எங்கும் படித்ததில்லை.

மழை நின்ற மாதங்களில் கிணற்றடியே பண்ணையின் மையம். ஏற்றத்தின் துலாமரத்தில் ஒருவரோ இருவரோ ஏறி முன்னும் பின்னும் நடக்க, கீழே நின்றவர் சால் என்னும் இறைகலத்தைத் தாழ்த்தி நிமிர்த்தி வாய்க்காலில் கவிழ்ப்பார். இறைத்த சால்களின் எண்ணிக்கை பாட்டின் அடிகளுக்குள்ளேயே கோக்கப்பட்டிருந்ததால், விடியுமுன் தொடங்கிய பாட்டு முடிந்தால் எத்தனை குழி நிலம் நனைந்தது என்பது தெரிந்துவிடும். வீட்டுப் பெண்கள் விதைநெல்லைக் கோட்டை கட்டிக் காப்பதும், கால்நடைக்குத் தீனி வைப்பதும், அவித்த நெல்லை உலர்த்திக் குத்துவதுமாக, ஆண்களின் வேலைக்கு ஓய்வுள்ள நாட்களிலும் ஓயாமல் உழைத்தார்கள். நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களின் கையிலேயே இருந்தன. எருவுக்குத் தொழுவத்துக் குப்பை, ஏரி வண்டல், கொளுஞ்சி, ஆவாரை, எருக்கந்தழை, இவற்றோடு கோடையில் வயலிலேயே கிடை போடும் ஆட்டு மந்தையும் உதவின.

அறுவடை முடிந்து கட்டடித்து, மாடு கட்டிப் போரடித்து, காற்றுப் பார்த்துத் தூற்றிய நெல் களத்தில் பொலியாகக் குவிந்தவுடனே, குடியானவன் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட முடியாது. கோயிலுக்கு, கணக்கனுக்கு, வெட்டிக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, வண்ணானுக்கு, நாவிதனுக்கு, ஏரியின் பராமரிப்புக்கு என்று மேரை, சுதந்திரம் என்னும் வழக்கமான பங்குகள் மரக்கால் மரக்காலாக அளக்கப்பட்ட பின்பே, சர்க்காருக்குரிய மேல்வாரமும் உழுதவனுக்குரிய குடிவாரமும் பிரிந்தன. 1763-இல் ஆற்காட்டு நவாபு முகம்மது அலியிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற செங்கல்பட்டு ஜாகீரை 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் எஞ்சினீயர் அளந்தபோது, ஏறத்தாழ 2,000 கிராமங்களின் வீடுகளும் நிலங்களும் ஏரிகளும் இத்தகைய பங்கீடுகளும் பதிவாயின. வரியை வசூலிக்கும் நோக்கத்தோடு தொகுக்கப்பட்ட அந்தக் கணக்குகளே, இன்று அக்காலத்துக் கிராம ஜீவிதத்தை நாம் அறிவதற்குள்ள மிக அரிய ஆதாரம்.

இந்தப் பங்கீட்டை ஒரு பொற்காலமாக வர்ணிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. காணியாட்சி உரிமை கொண்ட மிராசுதாரர்களின் ஏரைப் பூட்டியவர்களும், சேற்றில் நின்றவர்களும், களத்தில் இரவெல்லாம் காவலிருந்தவர்களும் சேரியைச் சேர்ந்த படியாட்கள். பொலியில் அவர்களுக்குக் கிடைத்தது சிறு கூலி, நிலத்தில் அவர்களுக்கு இருந்தது ஒன்றுமில்லை. 1843-ஆம் வருஷத்து ஐந்தாவது சட்டம் அடிமைத்தனத்துக்குச் சட்டப் பாதுகாப்பை நீக்கிய பின்பும், கடனும் குடியிருப்பு மனையும் அவர்களைப் பண்ணையோடு பிணைத்தே வைத்திருந்தன. செங்கல்பட்டுக் கலெக்டராயிருந்த ட்ரெமென்ஹீர், 1891-இல் அவர்களுடைய நிலைமையைப் பற்றிச் சர்க்காருக்கு எழுதிய அறிக்கையில், குடியிருக்கும் குடிசை மனைகூடச் சொந்தமில்லாத மனிதன் சுதந்திரன் ஆக மாட்டான் என்ற கருத்தை வலியுறுத்தினார். அதன் பலனாகவே 1892-இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் உத்தரவு பிறந்தது, பஞ்சமி நிலம் என்று பின்னர் பெயர் பெற்றதும் அதுவே. குடும்பத்து விவசாயத்தின் கதையை எழுதும் எவரும் அந்தக் குடும்பத்துக்கு வெளியே நின்று அதைத் தாங்கிய இந்தக் குடும்பங்களை விட்டுவிடுவாராயின், அவர் எழுதியது பாதிக் கதைதான்.

பட்டணம் அருகிலிருந்ததும் பயிரை மாற்றியது. குதிரைகளுக்கும் கறவை மாடுகளுக்கும் வைக்கோல், சமையலுக்குக் கீரையும் காயும், அடுப்புக்கு விறகு என்று நகரம் கேட்டது எல்லாம் சுற்றியிருந்த கிராமங்களிலிருந்தே போயிற்று. கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகியதும் அந்த விறகுத் தேவையினால்தான்.

இத்தகைய சூழலில்தான், 1861 முதல் 1866 வரை கவர்னராயிருந்த சர் வில்லியம் டெனிசன், பொறியியல் படைப்பிரிவில் பயின்றவராதலால் யந்திரங்களின்மேல் மிகுந்த நம்பிக்கை உடையவராய், இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பைகள், விதைக்கும் கருவிகள், கதிரடிக்கும் யந்திரங்கள், நீரிறைக்கும் சாதனங்கள் முதலியவற்றைத் தருவித்து, அவற்றைக் குடியானவர்களுக்குக் காட்டிப் பழக்கும் எண்ணத்தோடு 1865-இல் சைதாப்பேட்டைப் பண்ணையைத் தொடங்கினார். அவருடைய நோக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. பஞ்சமும் ஏழ்மையும் நீங்கவேண்டும் என்றே அவர் விரும்பினார். ஆனால் நீராவிக் கலப்பை என்பது, எஞ்சின் ஓரிடத்தில் நின்றுகொண்டு இரும்பு வடத்தினால் கலப்பையை வயலின் குறுக்கே இழுக்கும் சாதனம். வரப்புக்கு வரப்பு மேடு பள்ளமாகவும் சில குழிகளே பரப்புள்ளதாகவும் இருந்த தொண்டை மண்டலத்துக் கழனியில் அது திரும்பக்கூட இடமில்லை. ஆழ உழவேண்டும் என்பது ஐரோப்பிய சாஸ்திரத்தின் உபதேசம். நஞ்சையிலோ, மரக்கலப்பையின் கொழு எட்டும் ஆழத்துக்குக் கீழே பல வருஷத்துச் சேற்றுழவினால் இறுகிய அடிமண்ணே நீரைக் கசியவிடாமல் தாங்கி நிற்கிறது. அதை உடைத்தால் ஏரி நீர் பூமிக்குள் போய்விடும். நாட்டுக் கலப்பை ஆழ உழாதது உழவனின் அறியாமையால் அன்று. மேலும், மரக்கலப்பையைத் தச்சன் அரைநாளில் செப்பனிடுவான். வார்ப்பிரும்பு உடைந்தால் அதற்கு உறுப்பு கப்பலில்தான் வரவேண்டும்.

பண்ணையை நெடுங்காலம் நடத்திய வில்லியம் ராபர்ட்சனின் பொறுப்பில், யந்திரங்களை விடப் பயிர்களிலும் கால்நடைகளிலும் கல்வியிலுமே கவனம் சென்றது. பண்ணையை ஒட்டித் தோன்றிய விவசாயப் பள்ளியே இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மூலம். அப்பல்கலைக்கழகம் தன் வரலாற்றை 1868-லிருந்து கணக்கிடுகிறது. இடையில் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்து, மாகாணமெங்கும் லட்சக்கணக்கான ஜனங்களைக் கொண்டுபோயிற்று. பண்ணையின் அறிவு அத்தனையும் ஒருபுறமிருக்க, நீரின்றி வெடித்த ஏரிகளின் முன்னே எவருக்கும் எதுவும் செய்ய இயலவில்லை. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியை 1877, 1878-இல் வெட்டியவர்கள், பஞ்சத்தில் கஞ்சிக்காக மண் சுமந்த உழவர்களே.

1889-இல் இந்திய விவசாயத்தைச் சீர்திருத்த ஆலோசனை கூறும்படி அனுப்பப்பட்ட ரசாயன நிபுணர் ஜான் அகஸ்டஸ் வோல்கர், தேசம் முழுவதும் சுற்றிப் பார்த்து 1893-இல் வெளியிட்ட அறிக்கையில், தன் சிறந்த நிலையில் இந்தியக் குடியானவன் சராசரி ஆங்கிலேய விவசாயிக்குச் சமமானவன், சில அம்சங்களில் அவனையும் மிஞ்சியவன் என்று எழுதினார். குறை அவனுடைய அறிவில் இல்லை, எருவாக வேண்டிய சாணத்தை விறகில்லாமல் எரிக்க வேண்டியிருப்பதிலும், நீரும் முதலும் போதாமையிலும் இருக்கிறது என்பது அவர் முடிவு. கற்பிக்க வந்தவர்கள் கற்கத் தொடங்கியதற்கு இதுவே முதற்சான்று என்று நான் மதிக்கிறேன். பின்னர் 1906-இல் சைதாப்பேட்டைக் கல்விக்கூடம் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது.

மாற்றப்பட்ட பின்னர் அங்கே நடந்த முதற்பெரும் காரியத்தைக் கவனிக்கவேண்டும். 1912-இல் கோயம்புத்தூரில் அமைந்த நெல் ஆராய்ச்சி நிலையம், அயல்நாட்டு விதையைத் தேடிப் போகாமல், நம் குடியானவர்கள் பயிரிட்டுவந்த நாட்டு நெல்லையே கதிர் கதிராகப் பார்த்துப் பிரித்தெடுத்து, 1921-இல் ஜி.இ.பி. 24 என்ற ரகத்தை வெளியிட்டது. கிச்சிலிச் சம்பா என்னும் பழைய பெயராலேயே ஜனங்கள் அதைக் கொண்டாடினார்கள். அதையும் கோ 18 என்ற மற்றொரு ரகத்தையும் இணைத்து, செங்கல்பட்டு ஜில்லாவிலேயே இருந்த திரூர்க்குப்பம் நிலையத்தில் உருவாக்கப்பட்ட டி.கே.எம். 6, தண்டுத் துளைப்பானைத் தாங்கும் சக்தியினால் பிலிப்பைன்ஸ் தேசத்துச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரின் கவனத்தைக் கவர்ந்தது, ஐ.ஆர். 20 பிறந்தது அதன் வழியில்தான். எழுபதுகளில் தமிழ்நாட்டுக் கழனிகளெங்கும் விளைந்த ஐ.ஆர். 20-இன் ரத்தத்தில், பெயர் தெரியாத உழவர்கள் வருஷந்தோறும் நல்ல கதிராகப் பொறுக்கி வைத்த விதை இருந்தது.

கோட்டூரின் கழனிகள் இந்த வெற்றியைக் காண நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1923-ஐ ஒட்டி மாம்பலத்து நெடிய ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்ததோடு பட்டணம் தெற்கு நோக்கி நகர, தேசம் விடுதலை அடைந்த பின் அடையாற்றுக்குத் தெற்கே குடியிருப்புகளும் ஆராய்ச்சி நிலையங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, 1959-இல் ஐ.ஐ.டி. வந்தது, வீட்டு வசதி வாரியத்தின் மனைகளும் குடிசை மாற்று வாரியத்தின் அடுக்கு வீடுகளுமாகக் கோட்டூர், கோட்டூர்புரமாயிற்று. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரும் தூர்ந்த ஏரிகளின் வெள்ளமும் சேர்ந்து அடையாறு கரைபுரண்டபோது, இந்தப் பகுதியின் தாழ்ந்த தெருக்களில் வீட்டின் முதல் தளம் வரை நீர் நின்றது. மேலேயிருந்த ஏரிச் சங்கிலி துண்டு துண்டாக அறுந்ததன் விளைவை இங்கிருந்த ஏழைக் குடும்பங்களே அதிகமாக அனுபவித்தன.

இன்றும் இங்கே வீடு வாங்குவோரின் பத்திரத்தில், அடுக்குமாடியின் எண்ணுக்குப் பின்னால், கோட்டூர் கிராமம் என்ற சொல்லும் பழைய சர்வே எண்ணும் வருகின்றன. எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் செங்கல்பட்டு ஜில்லாவின் நிலப்பதிவேடுகள் இருக்கின்றன. பொன்னியம்மன் கோயிலைச் சுற்றிய பழைய தெருக்களில், பாட்டனார் ஏர் பிடித்ததைச் சொல்லக்கூடிய குடும்பங்களும் இன்னும் இருக்கின்றன. சேரியின் முதியவர்களையும் தெருவின் முதியவர்களையும் ஒன்றுபோலக் கேட்டு, கழனிகளின் பெயர்களையும் நீர் முறையையும் விதைகளையும் ஏற்றப் பாட்டுகளையும் அந்தப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு எழுதும் பணியை, அதே மண்ணின்மேல் நிற்கும் அண்ணா நூற்றாண்டு நூலகம் மேற்கொள்ளவேண்டும் என்பது என் வேண்டுகோள். அந்த முதியவர்களின் வயதைக் கருதினால், அதைத் தள்ளிப்போடுவதற்கு அவகாசம் அதிகமில்லை.