ஓவியத்தில் நின்ற யானை

ஆங்கிலேயர் இலங்கையின் கரைநாடுகளை ஆள, கண்டி இராச்சியம் இன்னும் தன்னரசாக விளங்கிய காலத்திலே, சாமுவேல் டானியல் என்னும் ஆங்கில ஓவியர் இத்தீவுக்கு வந்தார். 1775 இல் பிறந்த அவர், இந்தியக் காட்சிகளை வரைந்து புகழ்பெற்ற தோமஸ் டானியலின் உடன்பிறந்தார் மைந்தர். தென்னாபிரிக்காவின் விலங்குகளையும் மக்களையும் வரைந்தபின், 1806 ஆம் ஆண்டளவில் இலங்கையை அடைந்தார். தேசாதிபதி மெயிற்லண்ட் அவருக்குக் காடுகளை மேற்பார்வை செய்யும் உத்தியோகத்தை அளித்தார்.

அக்காலத்து இயற்கை நூலார் பலர், விலங்கை வெறுந்தாளில் தனியே நிறுத்தி, உறுப்பு உறுப்பாக வரைவது வழக்கம். டானியலோ, யானையையும் மரையையும் புள்ளிமானையும் அவை வாழும் நிலத்தோடு சேர்த்தே வரைந்தார். ஐரோப்பாவிலே புனைவியல் தழைத்த காலம் அது. மனிதர் திருத்தாத மலையும் காடும் கலைஞரின் உள்ளத்தை ஈர்த்தன. அதற்கு நீர்வண்ணம் நன்கு இசைந்தது. நீர் மிகுந்த மென்னீலம் தொலைமலையைப் பனிமூட்டமெனக் காட்டும். நீர் குறைந்த அடர்வண்ணம் முன்னிற்கும் விலங்கின் திரண்ட மேனியைக் காட்டும்.

1808 இல், 12 படங்கள் கொண்ட அவருடைய இலங்கைச் சித்திரத் தொகுதி இலண்டனில் வெளிவந்தது. 1811 இல், தமது 36 ஆவது வயதில், அவர் இத்தீவிலேயே காலமானார். கண்டி ஆங்கிலேயர் கைப்பட்டது 1815 இல். ஆகவே, டானியல் வாழ்ந்த நாளில் மலைநாட்டுக் காடுகள் பெரும்பாலும் வெட்டப்படாமலே நின்றன.

பின்னர் நிகழ்ந்தது வேறு. 1830 களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காக மலைக்காடுகள் அழிக்கப்பட்டன. வேட்டையும் பெருகிற்று. 1845 இல் இடிவிழுந்து மாண்ட மேஜர் றோஜேர்ஸ் என்பவர் மட்டும் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டு வீழ்த்தினார் என்று சொல்லப்படுகிறது. இன்று மலைநாட்டின் பெரும்பகுதியில் காட்டு யானையைக் காண்பதரிது. அன்றைய நிலையை அறியப் படங்களையே நாடவேண்டியிருக்கிறது.

மலையில்லாத வன்னியில் யானை எஞ்சியிருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் வன்னிபங்கள் யானைகளைத் திறையாகச் செலுத்தினர். ஆனையிறவு என்னும் பெயரே அவ்விலங்கின் வழித்தடத்தை நினைவூட்டுகிறது. எனினும், ஆட்சியாளர் ஏடுகளில் வன்னி யானை பெரிதும் எண்ணாகவும் விலையாகவுமே இடம்பெற்றது.

யானையால் வயல் அழிவதும் உயிர்ச்சேதம் நேர்வதும் உண்மையே. பரணில் இரவெல்லாம் விழித்திருக்கும் கமக்காரனுக்கு அது அழகிய காட்சியன்று. அவன் துயருக்கு வழிகாணாமல் யானையைக் காத்தல் இயலாது. ஆயினும், மலைநாடு தன் யானைகளை இழந்ததற்குப் பெருங்காரணம் ஏழைக் கமக்காரனல்லன். தோட்டத்து இலாபமும் வேட்டைப் பெருமிதமுமே. வன்னிக் காட்டை அளந்து வெட்ட முற்படுவோர் இதனை முதலில் எண்ணிப் பார்த்தல் தகும்.