“காரணம்” என்ற கட்டத்தில் எழுதப்பட்ட பெயர்



போன வாரம் என்னிடம் படித்தவர் ஒருவர் போன் செய்தார். வெளியூரில் வேலை பார்க்கிறார். நான்கு வயது மகளுக்கு அடிக்கடி வலிப்பு வருகிறதாம். மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் நிற்கவில்லை. பேச்சின் கடைசியில் குரலைத் தாழ்த்தி, “சார், கஞ்சாச் செடியிலிருந்து வலிப்புக்கு மருந்து எடுக்கிறார்களாமே, உண்மையா? டாக்டரிடம் கேட்டால் தப்பாக நினைப்பாரோ?” என்றார்.

பெற்ற பிள்ளையின் மருந்தைப் பற்றிக் கேட்க ஒரு தகப்பன் ஏன் குரலைத் தாழ்த்த வேண்டும்? அதற்கு விடை தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2024 ஜூனில் கருணாபுரம் கள்ளச்சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் நம்முடையது. போதைக்கு ஆதரவாக எழுத எனக்குக் கை வராது. கஞ்சா புகைப்பது, அதிலும் வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு, மூளையையும் மனதையும் கெடுக்கும். நான் பேசுவது மருந்தைப் பற்றி மட்டும்.

1839-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வில்லியம் ஓஷாக்னெசி என்ற அயர்லாந்துக்காரர் பேராசிரியராக இருந்தார். பிற்காலத்தில் இந்தியாவில் தந்தி அமைத்தவரும் இவரே. நம் வைத்தியர்கள் கஞ்சாவைப் பயன்படுத்தும் விதத்தைக் கவனித்து, முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகு வாதநோய், இசிவுநோய் போன்றவற்றுக்குக் கொடுத்தார். அவர் எழுதிவைத்த குறிப்புகளில் ஒன்று, வலிப்பு கண்ட ஒரு கைக்குழந்தையைப் பற்றியது. அவர் வழியாகத்தான் இந்த மருந்து இங்கிலாந்து போனது. 1850-ல் அமெரிக்காவின் அதிகாரபூர்வ மருந்து நூலிலும் இடம் பிடித்தது. 1942-ல்தான் அதிலிருந்து நீக்கினார்கள்.

இடையில் என்ன நடந்தது? இந்தியாவின் மனநோய் மருத்துவமனைகள் கஞ்சாவால்தான் நிரம்புகின்றன என்று பிரிட்டனில் புகார் கிளம்பியது. 1893-ல் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. உடனே இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் அமைக்கப்பட்டது. (இங்கே சணல் என்பது கஞ்சாச் செடி, நம் சாக்குப்பைச் சணல் அல்ல.) மேக்வொர்த் யங் தலைவர். உறுப்பினர்களில் மூன்று பேர் இந்தியர்கள். சென்னை மாகாணம் உள்பட நாடெங்கும் 1,193 பேரிடம் சாட்சியம் கேட்டார்கள். நமக்கு வடக்கே ஜவ்வாது மலையில் அப்போது கஞ்சா பயிரிடப்பட்டு வந்தது. அறிக்கை 1894-ல் வந்தது.

அந்த ஆணையம் செய்த ஒரு வேலை என்னை மிகவும் கவர்ந்தது. 1892-ல் மனநோய் மருத்துவமனைகளில் கஞ்சாவால் பாதிக்கப்பட்டதாகச் சேர்க்கப்பட்ட 222 பேரின் விவரத்தையும் ஒவ்வொன்றாகத் திரும்ப விசாரித்தார்கள். பாதிக்கும் குறைவானவர்களுக்கே ஓரளவு ஆதாரம் இருந்தது. மற்றவை எப்படி வந்தன? நோயாளியைக் கொண்டுவரும் போலீஸார் “காரணம்” என்ற கட்டத்தை நிரப்பியாக வேண்டும். வேறு காரணம் தெரியாதபோது “கஞ்சா” என்று எழுதினார்கள். மருத்துவமனை எழுத்தர் அதை அப்படியே பதிவேட்டில் ஏற்றினார். அடுத்த ஆண்டு அது புள்ளிவிவரம் ஆனது. அளவோடு பயன்படுத்துவதால் பெரிய தீங்கில்லை, அளவு மீறினால் கேடு, முழுத்தடை தேவையில்லை, வரியும் கட்டுப்பாடும் போதும் என்று ஆணையம் முடித்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பையனின் பதிவேட்டில் “படிப்பு வராது” என்று எழுதினேன். அடுத்த வகுப்பு ஆசிரியரும் அதையே எழுதினார். அதற்கும் அடுத்த ஆண்டுதான் அவனுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று கண்டுபிடித்தோம். கண்ணாடி போட்டதும் படித்தான்.

1925-ல் ஜெனீவா மாநாட்டில் எகிப்து கேட்டதன்பேரில் கஞ்சா சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1961-ல் ஐ.நா.வின் ஒற்றை உடன்படிக்கை அதை முதல் பட்டியலில் வைத்ததோடு, ஹெராயின் இருக்கும் நான்காம் பட்டியலிலும் சேர்த்தது. மிகவும் ஆபத்தானது, மருத்துவப் பயன் இல்லாதது அல்லது மிகக் குறைவு என்பது அந்த நான்காம் பட்டியலின் பொருள். பழைய வழக்கங்களைக் கைவிட 25 ஆண்டு அவகாசம் தந்தார்கள். அந்த அவகாசம் முடியும் தறுவாயில், 1985-ல், நம் நாட்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. பூ, காய் சேர்ந்த நுனியும் பிசினும் தடைக்குள் வந்தன. தனியாக எடுத்த இலையும் விதையும் வெளியே நின்றன. வடக்கே பாங்கு விற்க முடிவது அதனால்தான். மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் சட்டம் விலக்கு கொடுத்தது உண்மை. ஆனால் எழுத்தில் இருக்கும் விலக்கு நோயாளி கைக்கு வந்து சேர்வது வேறு விஷயம்.

அதற்கு நான் பார்த்த சாட்சி என் மாமா, அக்காவின் கணவர். 1998-ல் வாய்ப்புற்று முற்றிப்போய், ராத்திரியெல்லாம் அவர் அலறிய சத்தம் உறவுகளில் பலருக்கு நினைவிருக்கும். மார்ஃபின் கொடுத்தால் வலி அடங்கும் என்றார் டாக்டர். எந்தக் கடையிலும் இல்லை. அதை வைத்திருக்கவே பயந்தார்கள். சட்டப்படி அபின் விளைவிக்கும் நாடு நம்முடையது. அப்படியிருந்தும் 1985 சட்டத்துக்குப் பிறகு நாட்டின் மார்ஃபின் பயன்பாடு ஏறக்குறைய 97 சதவீதம் சரிந்து, 1997-ல் 18 கிலோவாகிவிட்டது. கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. “அத்தியாவசிய போதை மருந்துகள்” என்று தனி வகை ஏற்படுத்தி, உரிம முறையையும் எளிதாக்கினார்கள். மாமாவுக்கு அது 16 ஆண்டு தாமதம்.

கஞ்சா விஷயத்திலும் உலகம் மெல்லத் திரும்பிப் பார்த்திருக்கிறது. 2018 ஜூனில், அந்தச் செடியிலிருந்து எடுக்கும் கன்னாபிடியால் என்ற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. குழந்தைகளுக்கு வரும் இரண்டு அரிய வகை வலிப்புக்கு அப்போது அனுமதிக்கப்பட்டது அது; போதை தராது. அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டன், சிறப்பு மருத்துவர்கள் கஞ்சா மருந்துகளை எழுதித்தர வழி செய்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி 2020 டிசம்பர் 2 அன்று வியன்னாவில் ஐ.நா. ஆணையம் வாக்கெடுத்து, நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. ஆதரவு 27, எதிர்ப்பு 25. ஆதரித்த 27-ல் இந்தியாவும் ஒன்று. முதல் பட்டியலில் அது இன்னும் இருக்கிறது; கட்டுப்பாடும் தொடர்கிறது.

வியன்னாவில் கை தூக்கிய நாம், மார்ஃபினுக்கு 2014-ல் செய்ததைக் கஞ்சா மருந்துக்கும் செய்யலாம் என்பது என் கருத்து. கடத்துபவனுக்குள்ள தண்டனை அப்படியே இருக்கட்டும். சோதித்துத் தேறிய மருந்துக்கு மட்டும் தனிக் கட்டம் போடுங்கள்.

போன் செய்த பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான்: “நரம்பியல் டாக்டரிடம் நேராகக் கேள், வெட்கப்படாதே. எல்லா வலிப்புக்கும் இது பொருந்தாது. நடக்கிற மருந்தை நிறுத்தாதே. எவனோ விற்கும் எண்ணெயை வாங்கிக் குழந்தைக்குக் கொடுத்துவிடாதே.”

உங்களில் வழக்கறிஞர்கள், மருந்தாளுநர்கள், காவல்துறையில் இருப்பவர்கள் உண்டு. நான் சொன்னதில் தவறிருந்தால் திருத்துங்கள். திட்டுவதாக இருந்தாலும் படித்துவிட்டுத் திட்டுங்கள். எலவனாசூர்கோட்டைப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், பேசலாம்.