மூன்று பங்கான மாதிரி



அளவெட்டி என்றவுடன் நாதசுரமும் தவிலும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் இன்று நாம் அவ்வூர்க் கடையொன்றின் தட்டிலுள்ள எண்ணெய்ப் போத்தலைப் பற்றியே பேசப்போகின்றோம். அதனைச் சோதிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடையினுள் புகும்போது, நெடிய வரலாறொன்றும் அவருடன் புகுகின்றது.

இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரிலே இனிப்புச் செய்வோர் சீனியின் அளவைக் குறைத்து மலிவான வெண்பொடி கலப்பது வழக்கமாயிருந்தது. 1858ஆம் ஆண்டில், அப்பொடியென்று எண்ணிப் பாடாணம் விற்கப்பட்டுவிட்டது. இனிப்பை உண்டோரில் ஏறத்தாழ இருபது பேர் மாண்டனர். நாடு திடுக்கிட்டது, 1860இல் கலப்படத் தடைச் சட்டம் பிறந்தது. ஆனால் பகுப்பாய்வாளரை நியமித்தல் உள்ளூராட்சிகளின் விருப்பத்துக்கே விடப்பட்டமையால், அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. 1875ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு உயிரூட்டிற்று. மாதிரி வாங்கும் அதிகாரி தம் நோக்கத்தை விற்பவருக்கு அறிவித்து, அதனை மூன்றாகப் பிரிக்க முன்வரல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி.

ஆங்கிலேயர் ஆட்சியின் வழியே இவ்வகைச் சட்டமுறை இலங்கைக்கும் வந்தது. 1926இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பதோடு நில்லாது, வருமுன் காக்கும் பணி ஊர்தோறும் செல்ல அது வழிகோலியது. 1949ஆம் ஆண்டின் உணவு, மருந்துச் சட்டத்தையடுத்து, 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வந்தது. 2003இல் உருவான நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை பிற பொருள்களையும் கவனிக்கின்றது.

அளவெட்டி, தெல்லிப்பழைப் பிரதேச செயலகப் பிரிவில் அடங்கியது. அங்கே பரிசோதகர் ஐயத்துக்குரிய எண்ணெயைக் கண்டால், தம் சொல்லை மட்டும் கொண்டு வணிகரைக் குற்றவாளியாக்க முடியாது. மாதிரியை மூன்றாகப் பங்கிட்டு முத்திரையிடுகிறார். ஒரு பங்கு வணிகரிடம்; ஒரு பங்கு பகுப்பாய்வாளரிடம்; எஞ்சியது அதிகாரியின் காவலில். வழக்கு நீதவான் முன் செல்லுங்கால், வணிகர் கையிலும் அதே பொருளின் சான்று இருக்கும். உண்பவரின் உயிரும் சிறுகடைக்காரரின் பிழைப்பும் ஒருங்கே காக்கப்படுவது இம்முறையினாலேயே.

‘கண்ணாற் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பர் நம் முன்னோர். 2021 மார்ச்சில் இலங்கைக்கு இறக்குமதியான தேங்காயெண்ணெயில் அபிளாடொட்சின் என்னும் பூஞ்சண நஞ்சு இருப்பது தெரியவந்தது. ஈரலைத் தாக்கவல்ல அந்நஞ்சைக் கண்ணும் நாவும் காட்டித் தரவில்லை, ஆய்வுகூடமே காட்டிற்று.

ஆயினும் பரிசோதகர் ஒருவர், கடைகளோ பல. அவர் வராத நாளில் போத்தலைக் கையிலெடுப்பவர் நாமே. முடிவுத் திகதியையும் முத்திரையையும் பார்த்து வாங்குவோம், பற்றுச்சீட்டைப் பேணுவோம், ஐயம் எழுந்தால் அயலாரிடம் முணுமுணுப்பதோடு நில்லாது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவிப்போம். சட்டம் கடைவாயிலை மிதிப்பது பல வேளைகளில் அத்தகைய ஒரு முறைப்பாட்டின் பின்னரே.